லேபிள் இல்லாத 'டிசைனர்' பை முதலீடு ஆகுமா?

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியை நான். சம்பளம் 24,000 ரூபாய். ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் பைகளும் குர்தாக்களும் வாங்குகிறேன். 'லேபிள் இல்லை, டிசைனர் ஸ்டைல்' என்று போட்டிருந்தால் கை சும்மா இருப்பதில்லை. மாதம் 4,000 வரை போகிறது, பாதி கிரெடிட் கார்டில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கி வைப்பவர்கள் அதை முதலீடு என்கிறார்களே, நானும் இவற்றைப் பின்னால் விற்றுக்கொள்ளலாமா? வீட்டில் ஆயா (பாட்டி) தினமும் திட்டுகிறார்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயா அதற்காகத் திட்டினால் நான் உங்கள் பக்கம். முதலீடு என்ற பேச்சில் மட்டும் ஆயா பக்கம்.

லேபிள் இல்லாத பையில் அப்படி என்ன கவர்ச்சி? அதன் விலையை நீங்களே எழுதிக்கொள்ளலாம், அதுதான். 1,800 ரூபாய் பையைப் பார்த்ததும் 40,000 ரூபாய் பை நினைவுக்கு வருகிறது. 38,200 மிச்சம் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஒப்பிட வேண்டியது அதோடு இல்லை. அதே ரெக்ஸின், அதே ஜிப் உள்ள பெயரில்லாத புதுப் பை கடையில் என்ன விலை? 1,500 என்றால், நீங்கள் 300 ரூபாய் கூடக் கொடுத்துப் பழையதை வாங்கியிருக்கிறீர்கள்.

லேபிள் போனதற்குக் காரணம் பல. கழுத்தில் உறுத்துகிறது என்று உடுத்தியவரே வெட்டியிருக்கலாம். திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸாக, அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்காக இருக்கலாம். லேபிளை வெட்டிவிட்டு உள்ளூரில் விற்பது அங்கே வழக்கம். வெறும் காப்பியாகவும் இருக்கலாம். போட்டோவில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'ஸ்டைல்' என்று போடுபவர் எந்த பிராண்டையும் உறுதி சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நாளைக்குப் புகார் செய்தால் 'நான் ஒரிஜினல் என்று சொன்னேனா?' என்பார். துணி, தையல், லைனிங் படங்களைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொருளுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெரு விஷயத்துக்கு வருவோம். அங்கே பர்மா தேக்கில் செய்த பழைய சாமானுக்கு விலை இருப்பது அந்த மாதிரி மரம் இப்போது சுலபத்தில் கிடைக்காததால். தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கவும் முடிகிறது. (அங்கேயும் புதுசைப் பழசாக்கி விற்பவர்கள் உண்டு, அது வேறு கதை.) உங்கள் பை பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோலாக இருந்தால், நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அலமாரியில் சும்மா கிடந்தாலே சில வருடங்களில் தோல் உரியும். உரிந்த பையை யார் வாங்குவார்கள்?

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய துணியை விற்றால் மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) கிடையாது. விற்பதற்கென்றே வாங்கினால் அது வியாபார வருமானம். காப்பியை பிராண்டு பெயரில் விற்கவே விற்காதீர்கள். 1999 வர்த்தக முத்திரைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

அவசரம் கிரெடிட் கார்டுதான். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அது தீரும்வரை எதுவும் வாங்க வேண்டாம். அப்புறம் மாதம் 2,000 தபால் அலுவலக ஆர்.டி.யில் போடுங்கள், 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் சுமார் 1,42,000 ரூபாய் வரும். மீதி 2,000-க்குப் பிடித்த பையை வாங்குங்கள், யு.பி.ஐ.யில், கையில் இருக்கும் பணத்தில்.