கீச்சிடும் டிஸ்க் பிரேக்: கேள்வி-பதில்

கேள்வி: பைக்கின் முன் பிரேக் கீச்சிட்டதால் புதுப் பேட் போட்டேன். பத்தே நாளில் மறுபடி அதே சத்தம். இப்போது டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சத்தத்தின் காரணத்தைத் தேடாமலேயே உங்களை ஒரு முறை செலவு செய்ய வைத்துவிட்டார்கள். இரண்டாவது முறைக்கு அவசரப்படாதீர்கள். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, பேட் உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தடிமன் போதுமானதாக இருந்து, ஆழமான கோடும் நெளிவும் இல்லையென்றால் டிஸ்க்கை மாற்றத் தேவையில்லை.

பேட் டிஸ்க்கைக் கவ்வி, வழுக்கி, மறுபடி கவ்வி அதிர்வதால்தான் இந்தச் சத்தம். அதிர்வை அடக்குவதற்கென்றே பேட்டின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடும் பக்கத்தில் ஸ்பிரிங் கிளிப்பும் வைத்திருக்கிறார்கள். பேட் மாற்றும்போது இவற்றைக் கழற்றி மூலையில் எறிவது பல பட்டறைகளில் வழக்கம். கேட்டால், "அது இல்லாமலும் ஓடும் சார்." ஓடும், கீச்சிட்டுக்கொண்டே ஓடும். பழைய ஷிம்மைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வளைந்திருந்தால் கிளிப்போடு சேர்ந்து வரும் செட்டாகப் புதிது வாங்குங்கள்.

இனி வீட்டிலேயே நீங்கள் செய்யும் வேலை. பேட்களைத் தாங்கி அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். காலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின்களை உருவிப் பழைய கிரீஸைத் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். சாதாரண வண்டி கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துப் பின்னை இறுக்கிவிடும். பேட்டைத் தள்ளும் பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைச் சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ் கொண்டு கழுவிய பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கெடும். தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும், கண் வைத்திருங்கள். பெயின்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட்டின் முகம் பளபளவென்று இறுகியிருந்தால், சமதளக் கண்ணாடியின் மேல் 120 எண் உப்புத்தாளை விரித்து, பளபளப்பு போகும் வரை மட்டும் தேயுங்கள். அந்தத் தூசியை ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டியபின் லீவர் கெட்டியாகும் வரை அழுத்தி விடுங்கள். இதை மறந்து கிளம்பினால் முதல் பிரேக் காலி. பிறகு வெறிச்சோடிய சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை குறைப்பதைப் பத்துப் பன்னிரண்டு முறை, முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் சத்தம் வருகிறது.

பதில்: டிஸ்க்கில் படிந்த மேல்துரு. நாலு பிரேக்கில் போய்விடும். எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: சத்தம் நிற்கட்டும் என்று டிஸ்க்கில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்தேன். சத்தம் நின்றது. ஆனால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பேட்டைச் சுட்டு எண்ணெயை எடுக்கலாமா?

பதில்: பிரேக் வேலை செய்வதே உராய்வால். அதில் எண்ணெயை அடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்வது? வண்டியை எடுக்காதீர்கள். டிஸ்க்கின் இரு பக்கத்தையும் பிரேக் கிளீனர் கொண்டு, துணி கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். பேட் எண்ணெயை உறிஞ்சியிருக்கும். அடுப்பில் சுடும் வித்தையெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல்' என்று சொல்லி, பெட்டியில்லாமல் உதிரியாகப் பேட் கொடுத்தார்கள். சில வாரத்தில் உராயும் பகுதி தகட்டிலிருந்து பிரிந்து வந்துவிட்டது. மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: உயிர் தப்பியது பெரிய விஷயம். பேட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், படம் எடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லையென்று கடை பின்வாங்கினால், பணம் அனுப்பிய பதிவும் சாட்சிதான்.

அடுத்த முறை தகட்டின் முதுகையும் ஓரத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், பாகம் எண், தொகுதி எண் அச்சில் இருக்க வேண்டும். பல பேட்களில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும்: முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது கடும் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் அதற்கும் மேல். எழுத்து அகர வரிசையில் பின்னால் போனால் தரம் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம், பிடிப்பு மட்டுமே கூடும். ஒன்றும் அச்சிடாத வெறும் தகடு என்றால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பேட்டின் முதுகில் பூசும் 'சத்தம் அடக்கும்' பசை வாங்கலாமா?

பதில்: என் அலமாரியில் ஒரு டியூப் காய்ந்து கிடக்கிறது. ஷிம் ஒழுங்காக இருந்தால் அது தேவைப்படாது; காய்ந்து இறுகிய ஸ்லைடு பின்னை அது நகர்த்தவும் போவதில்லை.

கேள்வி: காரில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கீச்சிடுகிறது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேட் மாற்றினால் போதுமா?

பதில்: கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: காரின் பின் சக்கரத்தில் கீச்சு. பேட் மாற்றலாம் என்றால், சி-கிளாம்ப் போட்டு அழுத்தியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தட்டுமா?

பதில்: வேண்டாம், நிறுத்துங்கள். சில கார்களின் பின் பிஸ்டனை அழுத்தக் கூடாது, அதற்கான கருவியால் திருகி உள்ளே தள்ள வேண்டும். பார்க்கிங் பிரேக் மின்சாரத்தில் இயங்கும் வகையானால், முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் கெட்டுவிடலாம், அதன் செலவு பேட்டைவிடப் பல மடங்கு. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வழிமுறை இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாமல், ஸ்டாண்டும் வையுங்கள்.