குளிர்காலத்திற்கு முன் பிரஷர் வாஷரில் (தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் இயந்திரத்தில்) உள்ள தண்ணீரை வடித்துவிட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

போதாது. குழாயை மூடி, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி, வருகிற தண்ணீரை வடியவிட்டு, அப்படியே ஷெட்டுக்குள் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் ஹோஸ் காலியாகும், துப்பாக்கி காலியாகும். பம்ப் காலியாவதில்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த சிறிய வால்வுகள் இருக்கின்றன. தண்ணீரை ஒரே திசையில் மட்டும் போகவிடுவது அவற்றின் வேலை. இயந்திரம் நின்றதும் அவை மூடிக்கொள்வதால், இடையில் உள்ள குழிகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. நிரம்பிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் பம்பின் பித்தளை அல்லது அலுமினியத் தலைக்கும் ஆகிறது. வெடிப்பு மயிரிழை அளவுதான் இருக்கும். குளிர்காலம் முழுக்க எதுவும் தெரியாது. வசந்தத்தில் இயக்கும்போதுதான் பம்பின் அடியில் தண்ணீர் சொட்டும், அல்லது அழுத்தம் ஏறவே ஏறாது. வீட்டு உபயோகத்திற்கான சிறிய இயந்திரங்களில் பம்பை மாற்றும் செலவு பல நேரம் புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடுகிறது. அதனால் உங்களுக்கு நேரம் ஒரு வேலைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், பம்புக்குள் உறைதடுப்புத் திரவத்தை ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஆனால் வரிசை முக்கியம். பெட்ரோல் இயந்திரமாக இருந்தால் எரிபொருள் வேலையை முதலில் முடிக்க வேண்டும். அதற்கு எஞ்சினை ஓட்டியாக வேண்டும், எஞ்சின் ஓடினால் பம்புக்குத் தண்ணீர் வேண்டும். திரவத்தை முதலில் ஏற்றிவிட்டால் அது எல்லாம் கழுவப்பட்டுப் போய்விடும்.

மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதிய பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து, தண்ணீர் இணைப்போடு பத்து நிமிடம் ஓட்டினால் அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். டேங்கை முழுவதுமாகக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுவதும் ஒரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இல்லாத பெட்ரோல் கெட்டுப்போகாது. எதைச் செய்தாலும் திறந்தவெளியில் செய்யுங்கள். கதவு பாதி திறந்திருக்கும் கராஜ் திறந்தவெளி ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அதே ஓட்டத்தில் சோப்புத் தொட்டியையும் கழுவிவிடலாம். அதில் நல்ல தண்ணீரை ஊற்றி, குறைந்த அழுத்த நாசிலை (துப்பாக்கியின் முனையை) பொருத்தி உறிஞ்சவிடுங்கள். காய்ந்த சோப்பு அந்தச் சிறு குழாயை அடைத்தால் எடுப்பது பெரும்பாடு.

இனி பம்ப். எஞ்சினை நிறுத்தி, தண்ணீர்க் குழாயை மூடி, விசையை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடுவித்த பிறகே ஹோஸ்களைக் கழற்றுங்கள். பம்ப் சேவர் என்று ஸ்ப்ரே டப்பாவில் விற்கிறார்கள். அதில் உறைதடுப்புத் திரவத்தோடு மசகும் கலந்திருக்கும். அதைத் தண்ணீர் நுழையும் வாயில் திருகி, மறு வாயில் திரவம் வெளியே வரும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது. எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

அது கிடைக்காவிட்டால், கேரவன் வண்டிகளின் தண்ணீர்க் குழாய்களுக்காக விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் திரவம் போதும். ஒரு துண்டு ஹோஸை நுழைவாயில் பொருத்தி, புனல் வைத்து ஊற்றிக்கொண்டே, எஞ்சின் சுவிட்சை அணைத்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். மறுபுறம் முதலில் தண்ணீர் வரும், பிறகு கலங்கலாக, கடைசியில் திரவத்தின் நிறம் அப்படியே வரும். அந்த நிறம் வரும்வரை விடாதீர்கள். மின்சார இயந்திரத்தில் கயிறு இல்லை. சில விநாடிகள் மட்டும் சுவிட்சைப் போட்டு அணையுங்கள். பம்பைக் குளிர்விப்பதும் உராய்வைத் தணிப்பதும் தண்ணீர்தான் என்பதால், வெறுமையாக ஓட்டினால் கசிவைத் தடுக்கும் சீல்கள் வெந்துவிடும்.

கார் ரேடியேட்டர் திரவத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். நாயும் பூனையும் அதை நக்கக்கூடும், சிறிதளவே அவற்றின் உயிரைப் பறிக்கும். வசந்தத்தில் நீங்கள் கழுவி வெளியேற்றும்போது அது தரையில்தான் தேங்கும்.

சூடேற்றப்படும் அறையில் வைக்க இடம் இருந்தால் உறையும் பயம் இல்லை. இருந்தாலும் நான் திரவத்தை ஏற்றிவிடுவேன். பல மாதம் காய்ந்து கிடக்கும் சீல்கள் இறுகுகின்றன, தண்ணீரின் உப்பு படிந்து வால்வுகள் ஒட்டிக்கொள்கின்றன; மசகு கலந்த திரவம் இரண்டையும் தடுக்கும்.

எஞ்சின் எண்ணெயை இப்போதே, சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலமும் ஈரமும் குளிர்காலம் முழுக்க உள்ளே ஊற வேண்டியதில்லை. ஹோஸை மடிப்பு விழாமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். நாசில்களையும் துப்பாக்கியையும் உதறிக் காயவைத்தால் போதும்.

மறுபடி எடுக்கும்போது நாசிலைப் பொருத்தாமல் தண்ணீரைத் திறந்து, விசையை அழுத்திப் பிடியுங்கள். திரவத்தின் நிறம் போய், காற்றுக் குமிழ்கள் நின்று, தண்ணீர் சீராக வந்த பிறகே எஞ்சினை இயக்குங்கள்.