மரம் மண்ணை அடக்கினால் கல்லீரல் கெட்டுவிட்டதா?

"கல்லீரலின் மரம், மண்ணீரலின் மண்ணை அடக்குகிறது" என்று அக்குபங்சர் மருத்துவர் சொன்னதும் கல்லீரல் பழுதோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அப்படிப் பொருள் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தோடு உடல் உறுப்புகளைப் பொருத்திப் பார்க்கும் சீன மருத்துவக் கோட்பாட்டிலிருந்து வந்த பேச்சு இது. சீன மொழியில் அந்தக் கோட்பாட்டின் பெயர் 'வூ சிங்'. 'வூ' என்றால் ஐந்து. 'சிங்' என்றால் நடத்தல், இயங்குதல். அதாவது ஐந்து இயக்கங்கள். மரம் நெருப்பை வளர்க்கும், மண்ணைக் கட்டுப்படுத்தும். இதில் மரம் கல்லீரலையும் கோபத்தையும், மண் மண்ணீரலையும் செரிமானத்தையும் குறிக்கும். அந்தக் கட்டுப்பாடு மிஞ்சும்போது, கோபமும் மன இறுக்கமும் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது சீன மருத்துவர்களின் விளக்கம். அலுவலக நெருக்கடி நாட்களில்தான் வயிறு உப்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! (நம் 'மண்ணீரல்' என்ற சொல்லிலும் மண் இருப்பதால் எனக்கு இது எளிதில் மனத்தில் நின்றது.)

ஸ்கேனில் தெரியும் கல்லீரலைப் பற்றிய முடிவல்ல இது. அதனாலேயே, கண் மஞ்சளானாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.