தம்பியை அடித்தவர்கள் மீது புகார் கொடுத்தால் எடுபடுமா?

கேள்வி: தம்பிக்கு வயது 29. மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். டீக்கடைக்குப் போனவனை நாலு பையன்கள் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று சொல்லி அடித்துவிட்டார்கள். உதடு கிழிந்துவிட்டது. ஸ்டேஷனில் இவன் பேச்சை நம்புவார்களா? கட்டிப்போடச் சொல்கிறார் மாமா. – ஒரு அக்கா, காசிமேடு.

பதில்: கட்டாயம் புகார் கொடுங்கள். 2018 மே மாதம் பழவேற்காட்டில் இதே வதந்தியால் ஒருவரை அடித்தே கொன்றார்கள். இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவசரப் பிரிவில், அடித்தார்கள் என்றே சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக்குப் பயந்து “கீழே விழுந்துட்டான்” என்று சொல்லிவிட்டால், விபத்துப் பதிவேட்டிலும் அதுதான் ஏறும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. உதட்டோடு விடாமல், சட்டையைக் கழற்றி முதுகையும் விலாவையும் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் இருக்கிறவர் உதை வாங்கிய இடத்தை வாய்விட்டுச் சொல்லாமலே இருந்துவிடுவார். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்க வேண்டாம்.

அப்புறம் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிந்தால் போதும், தம்பியின் சாட்சி செல்லும். மனநோயைக் காட்டி ஒதுக்க முடியாது. அவரைச் சாட்சியாக விசாரிக்க போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிகிச்சைச் சீட்டின் நகலை இணைத்து, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவையும் எழுதுங்கள். அந்தப் பிரிவின்படி, மாற்றுத்திறனாளியை நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலே 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100க்குப் பேசினால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

மாமா தம்பியின் நல்லதை நினைத்தே சொல்லியிருக்கலாம். ஆனாலும் கட்டிப்போடுவதும் வன்முறைதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. இதை மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி சில நாள் தம்பியின் தூக்கத்தைக் கவனியுங்கள். தூங்காமல் தவித்தாலோ, மாத்திரை வேண்டாம் என்றாலோ, அடுத்த மாதச் சீட்டு வரை காத்திருக்காமல் ஸ்டான்லி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். நடுராத்திரி என்றால் மனநல உதவி எண்ணான 14416க்கு போன் அடியுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தம்பிக்கு விருப்பமிருந்தால் அவரே பேசட்டும்.