ஒரே வாணலியில் பீஃப் ஃப்ரைட் ரைஸ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தள்ளுவண்டி ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஒன்பது வருஷம் கரண்டி பிடித்தவன் நான். இப்போது சமைப்பதெல்லாம் வீட்டில்தான், இரண்டு பர்னர் அடுப்பில், ஒரு இரும்பு வாணலியை வைத்து. பீஃப் ரைஸ் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் செய்தால் கறி ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன கறி கேட்டு வாங்குவது?

கடையில் 'அண்டர்கட் இருக்கா' என்று கேளுங்கள். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஓடுகிற கறி அது. மாட்டின் உடம்பில் அதிகம் வேலை செய்யாத தசை என்பதால் மெத்தென்று இருக்கும். விலை கூடத்தான். கிடைக்காவிட்டால் தொடைக்கறி வாங்குங்கள், ஆனால் வெட்டுவதில் கவனம் வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, லேசாக விறைத்ததும் பலகைக்கு எடுங்கள். நார் ஒரே பக்கமாகக் கோடு கோடாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கத்தி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போகணும். கோட்டோடு வெட்டினால் முழுநீள நாரும் பல்லில் மாட்டும், எவ்வளவு வதக்கினாலும் பயனில்லை. ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் என்ன கனமோ அந்தக் கனம் போதும்.

கால் கிலோ கறிக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். சூட்டில் கறி இறுகிச் சுருங்குவதை அது குறைக்கும். பிறகு நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சோளமாவு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசறுங்கள். கழுவாமல் விட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் எருமைக் கறிதான், அதுவும் முற்றல். குக்கரில் வேகவைக்கலாமா?

தாராளமாக. எங்கள் வண்டியில் அப்படித்தான் செய்தோம். இஞ்சி பூண்டு, மிளகு, உப்போடு நாலைந்து விசில் விட்டு, ஆறியதும் சின்னத் துண்டுகளாக்கி, எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்தால் போதும். இதற்குச் சோடா வேண்டாம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வாணலியிலேயே இரண்டு ஸ்பூனாகச் சுண்டவைத்து, கடைசியில் சோற்றின் மேல் விடுங்கள். கறியின் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது.

கேள்வி: ஒரே வாணலி என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வதக்குவதுதானே? எனக்குக் கிச்சடி மாதிரி வருகிறது.

அங்கேதான் தவறு நடக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு இதே கதைதான். கடை அடுப்பின் தீ வேறு, வீட்டு அடுப்பின் தீ வேறு. வீட்டு வாணலியில் கால் கிலோ கறியை மொத்தமாகக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கிவிடும். கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே சாம்பல் நிறத்தில் வேகும். அதனால் வாணலி ஒன்றுதான், ஆனால் போட்டுப் போட்டு எடுக்கணும்.

மூன்று பேருக்குச் சொல்கிறேன். வாணலியை லேசாகப் புகை வரும்வரை காயவிட்டு, ஒன்றரை ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கறியில் பாதியைப் பரப்புங்கள். ஒரு நிமிடம் கரண்டி படக்கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பி, அரை நிமிடத்தில் தட்டுக்கு எடுத்து, மீதியையும் அப்படியே செய்யுங்கள். அடுத்து இரண்டு முட்டை ஊற்றி, முக்கால் வேக்காட்டில் எடுத்துவிடுங்கள். அப்புறம் பூண்டு, கேரட், பீன்ஸ், கோஸ். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது மூன்று கப் சோறு. பரப்பி, அழுத்தி, அரை நிமிடம் விட்டுத் திருப்புங்கள். முதலில் 'உஸ்ஸ்' என்று ஈரச் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது 'சடசட' என்று மாறும், பருக்கைகள் வாணலியில் துள்ளும். அதுவரை சாஸ் பாட்டிலைத் தொடாதீர்கள். பிறகு ஒரு ஸ்பூன் சோயா சாஸை வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றினால் சூட்டில் பட்டுக் கருகிய வாசம் எழும். கறி, முட்டை, வெள்ளை மிளகுத்தூள், வெங்காயத்தாள் போட்டு ஒரு புரட்டு. இறக்கிவிடலாம். சாஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்பு.

கேள்வி: பாஸ்மதி இல்லாமல் பொன்னி அரிசியில் வருமா?

வரும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நடுவில் சிறு விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆறும்போது சோற்றின் மாவுச்சத்து மறுபடி இறுகும், மேல் ஈரமும் போகும். அதனால்தான் பழைய சோறு உதிரியாக நிற்கிறது.

கேள்வி: நான்ஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது.

செய்யலாம். வெறும் வாணலியைப் புகைய விடாதீர்கள், மேல்பூச்சு கெட்டுவிடும். கறியை மூன்று தடவையாகப் போடுங்கள்.

கேள்வி: அஜினோமோட்டோ போடாமல் கடை ருசி வராதாமே? அது கெடுதலா அண்ணா?

1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது அந்தச் சுவை. தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. ஒரு சிட்டிகை போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கறியை நன்றாகச் சிவக்க வறுத்திருந்தால் எனக்கு அது தேவைப்படுவதில்லை.

கேள்வி: ராத்திரி வடித்த சோறு அடுப்பு மேடையிலேயே இருந்துவிட்டது. காலையில் இதற்கு எடுக்கலாமா? நன்றாகச் சூடாக்கத்தானே போகிறோம்?

வேண்டாம் தங்கச்சி. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. அறைச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது, வாந்திதான். முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சோறு வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், அடுத்த நாளே தீர்த்துவிடுங்கள். மேடையில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு கப் வடியுங்கள்.