மகனுக்கு எந்தச் சட்டை?

வணக்கம்.

2009இல் சிட்னிக்கு வந்து, மேற்கே பென்டில் ஹில்லில் குடியேறினோம். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். வந்த காலத்தில் ஆஸ்திரேலியாவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கான ஏ லீக்கில் இந்த நகரத்துக்கு ஒரே கழகம்தான், சிட்னி எஃப்சி. அதையே பிடித்துக்கொண்டேன். 2012இல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பரமட்டாவில், வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் என்ற இரண்டாவது கழகம் வந்தது. நான் மாறவில்லை. இப்போது பன்னிரண்டு வயது மகன் வாண்டரர்ஸின் சிவப்பு கறுப்புச் சட்டை வேண்டும் என்று நிற்கிறான். வேலையிடத்திலோ, “மேற்கில் இருந்துகொண்டு சிட்னி எஃப்சியின் நீலச் சட்டையா?” என்று பகிடி பண்ணுகிறார்கள். எனக்கு இரண்டு கேள்விகள். லீக் அலுவலகத்தில் உட்கார்ந்து உருவாக்கி விற்கும் இந்த உள்ளூர்ப் பகையை நம்பி மனதைக் கொடுக்கலாமா? இந்த இரண்டு அணிகளும் மோதும் அடுத்த டெர்பிக்கு நானும் மகனும் சேர்ந்து போவதானால் எங்கே இருப்பது, எதைக் கவனிப்பது?

கே., பென்டில் ஹில்

அன்புள்ள கே.,

சட்டையை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பகையை விற்கிறார்கள் என்பது உண்மைதான். 2005இல் ஏ லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது ஒரு நகரத்துக்கு ஓர் அணி என்றே வைத்தார்கள். காரணம் இருந்தது. 1977 முதல் 2004 வரை நடந்த பழைய தேசிய லீக்கில் பெரிய கிளப்புகள் பலவும் குடியேறியவர்கள் தொடங்கியவை. சௌத் மெல்பர்ன் கிரேக்கர்களுடையது, மார்க்கோனி இத்தாலியர்களுடையது, சிட்னி யுனைட்டெட் குரோஷியர்களுடையது, செயின்ட் ஜார்ஜ் ஹங்கேரியர்களுடையது. அந்தச் சண்டைகளே வேண்டாம் என்று துடைத்து, யாருக்கும் சொந்தமில்லாத புது அணிகளை வைத்தார்கள். அப்புறம்தான் அண்டை அணிகள் மோதும் டெர்பி இல்லாமல் கூட்டம் சேராது என்று தெரிந்தது. 2010இல் மெல்பர்னுக்கும் 2012இல் சிட்னிக்கும் இரண்டாவது அணி வந்தது.

ஆனால் அட்டவணை போடுகிறவர் டெர்பிக்குத் தேதி குறிக்கலாம், பகையை உண்டாக்க முடியாது. அதற்கு அடியில் ஏற்கெனவே ஒரு கோடு ஓடியிருக்க வேண்டும். அடிலெய்டு அணிக்கும் மெல்பர்னின் முதல் அணியான விக்டரிக்கும் நடுவில் எழுநூறு கிலோமீட்டர் தூரம். அதை உள்ளூர்ப் பகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் முதல் சில ஆண்டுகளிலேயே அது பற்றிக்கொண்டது. 2007 இறுதி ஆட்டத்தில் விக்டரி ஆறு கோல் போட்டது, அதில் ஐந்து ஆர்ச்சி தாம்சன் அடித்தவை. அந்த 6-0ஐ அடிலெய்டுக்காரர்கள் மறப்பதில்லை. அந்த எரிச்சல் கால்பந்தில் பிறந்ததும் இல்லை. பெரிய அண்டை மாநிலமான விக்டோரியாவின் மீது, அடிலெய்டு இருக்கும் தென் ஆஸ்திரேலியாவுக்கு கிரிக்கெட்டிலும், ஃபுட்டி என்று அவர்கள் சொல்லும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்திலும் தலைமுறைகளாக இருந்த கோபம், புதுச் சட்டை போட்டுக்கொண்டது. நியூகாசில் ஜெட்ஸுக்கும் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸுக்கும் இடையே நடப்பதற்கு எஃப்3 டெர்பி என்று பெயர். இரண்டு ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் பெயர் அது. சாலையின் பெயரை அரசாங்கம் எம்1 என்று மாற்றிவிட்டது, டெர்பியின் பெயரை யாரும் மாற்றவில்லை.

உங்கள் ஊருக்கு வருவோம். சிட்னியில் கிழக்கு மேற்கு என்ற கோடு கால்பந்துக்கு முன்பே இருந்தது. கடற்கரையும் காசும் கிழக்கே, ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்கள் மேற்கே. மேற்கத்தியரைக் கேலி செய்ய ‘வெஸ்டி’ என்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களை விளைவித்ததும் மேற்குதான். மார்க்கோனி மைதானமும் சிட்னி யுனைட்டெட் மைதானமும் ஃபேர்ஃபீல்டு பக்கம் சில நிமிட கார் பயணத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவ்வளவு விளைந்த நிலத்துக்கு ஏழு ஆண்டு சொந்த அணி இல்லை. சேர்த்துவைத்த வயிற்றெரிச்சலுக்கு 2012 ஏப்ரலில் வாசல் திறந்தது. பெயரையும் நிறத்தையும் மக்களைக் கூட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

முதல் டெர்பி 2012 அக்டோபர் 20 அன்று பரமட்டாவில் நடந்தது. சிட்னி எஃப்சியின் இத்தாலிய நட்சத்திரம் டெல் பியரோ அடித்த பெனால்டியை வாண்டரர்ஸ் கோல்கீப்பர் ஆன்டே கோவிச் தடுத்தார். பந்து திரும்பி டெல் பியரோவின் காலுக்கே வந்தது, உள்ளே தள்ளினார். சிட்னி 1-0. நான்கு ஆண்டு கழித்து ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த டெர்பிக்கு வந்தவர்கள் 61,880 பேர். விளம்பரத்தைப் பார்த்து ஒருமுறை வரலாம். நான்கு ஆண்டு கழித்தும் இப்படி வருவதற்கு விளம்பரம் போதாது.

கோடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மெல்பர்னைப் பாருங்கள். 2010இல் வந்த மெல்பர்ன் ஹார்ட்டும் விக்டரியும் ஆமி பார்க் என்ற ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பிரிவு கிடையாது. முதல் டெர்பியை ஹார்ட் 2-1 என்று வென்றும், விக்டரிக்காரர்கள் அதைத் தம்பி மாதிரிதான் பார்த்தார்கள். 2014இல் மான்செஸ்டர் சிட்டியின் முதலாளிகள் ஹார்ட்டை வாங்கி, பெயரைச் சிட்டி என்றாக்கி, சிவப்பைக் கழற்றி வான்நீலத்தைக் கொண்டுவந்தார்கள். வான்நீலம் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நிறம். உங்கள் சிட்னி எஃப்சி ஆட்சேபித்ததில் நியாயம் உண்டு. மெல்பர்ன் ஆள் சிட்னிக்காரன் நிறத்தில் நடமாடுவது என்ன கூத்து? ஆனால் அந்த விற்பனைதான் விக்டரி ரசிகர்களுக்கு வெறுக்க ஒரு பொருளைக் கொடுத்தது. பணம் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம் என்று கோடு விழுந்தது. 2025 மே மாதம் இரண்டும் முதல்முறையாக இறுதி ஆட்டத்தில் மோதி, சிட்டி 1-0 என்று வென்றபோது அதை யாரும் தம்பி சண்டை என்று சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு பிடித்திருக்கிறது.

வெஸ்டர்ன் யுனைட்டெட்டின் கதை வேறு. மெல்பர்னின் மேற்கே டார்னீட்டில் பெரிய மைதானம் கட்டித் தருவோம் என்று சொல்லி 2018இல் உரிமம் வாங்கி, 2019இல் லீக்கில் நுழைந்தார்கள். அந்தப் பெரிய மைதானம் எழவில்லை. ஜீலாங், பல்லாரட், ஆமி பார்க் என்று அலைந்தே ஆடினார்கள். 2022இல் கோப்பையையும் வென்றார்கள். ஆனாலும் 2025-26 சீசனில் அணியே களத்தில் இல்லை. வீடில்லாத அணியை அண்டை வீட்டுக்காரன் எப்படி வெறுப்பான்? உங்கள் பக்கத்தில் 2020இல் காம்பெல்டவுனில் வந்த மெக்கார்த்தருக்கு வீடு உண்டு, ஆஸ்திரேலியா கோப்பையையும் வென்றிருக்கிறது. ஆனால் அதனோடு நடப்பது இன்னும் டெர்பி ஆகவில்லை என்பது என் கணிப்பு. மேற்கின் மேற்கு என்று ஒரு கோடு விழக் காலம் வேண்டும்.

வேலையிடத்துப் பகிடிக்குப் பதில்: வீட்டருகே புது கிளப் வந்தால், அதன் முதல் சீசனில் ஒருமுறை மாறிக்கொள்வதை ரசிகர்கள் குறை சொல்வதில்லை. 2012இல் மேற்கத்தியர் பலர் நீலத்தைக் கழற்றினார்கள். நீங்கள் அப்போது மாறவில்லை, இனி மாறவும் கூடாது. மகன் எதிலிருந்தும் மாறவில்லை, அவனுக்கு அதுதான் முதல் அணி.

சோற்று மேசையில் வாக்குவாதம் வரும். இங்கிலீஷ் லீக் பார்த்துப் பழகியவர்கள் இதில் தவறுவார்கள், ஆகையால் ஒன்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புள்ளிப்பட்டியலில் முதலிடம் வந்தால் பிரீமியர்ஷிப். அதன் பிறகு முதல் ஆறு அணிகள் நாக்அவுட் ஆடி, இறுதி ஆட்டத்தை வெல்வது சாம்பியன்ஷிப். பெரிய பட்டம் என்று இரண்டாவதைத்தான் சொல்வார்கள். சிட்னி எஃப்சிக்கு 2006, 2010, 2017, 2019, 2020 என ஐந்து சாம்பியன்ஷிப். வாண்டரர்ஸுக்கு ஒன்றும் இல்லை. 2013, 2014, 2016 என மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோல்வி. அதற்கு மகன் ஒரே சொல்லில் பதில் வைத்திருப்பான்: ரியாத். 2014இல் சவூதியின் அல் ஹிலாலைப் பரமட்டாவில் 1-0 என்று வென்று, ரியாத்தில் கோல் விடாமல் 0-0 என்று தாக்குப்பிடித்து, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தார்கள். அதை வென்ற ஒரே ஆஸ்திரேலிய அணி அதுதான். அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவது உத்தமம்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் டெர்பியைப் பரமட்டாவிலேயே பாருங்கள். உங்கள் நிலையத்திலிருந்து வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், அடுத்தது பரமட்டா. இறங்கிப் பதினைந்து இருபது நிமிட நடை. கார் வேண்டாம், டெர்பி நாளில் நிறுத்த இடம் தேடியே முதல் கோலைத் தவறவிடுவீர்கள். விற்பனை முதலில் உறுப்பினர்களுக்குத் திறக்கும், மிச்சம்தான் பொதுவுக்கு. மறுவிற்பனைத் தளங்களில் வாங்காதீர்கள், ஒரே டிக்கெட்டை இரண்டு பேருக்கு விற்றிருந்தால் வாசலில்தான் தெரியும். டிக்கெட்டைப் போனில் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் ஆயிரக்கணக்கானவர் ஒரே நேரத்தில் போனைத் தட்டும்போது சிக்னல் படுத்துவிடும்.

வடக்குக் கோல் பக்கம் வாண்டரர்ஸின் ஆர்பிபி நிற்கும் இடம். ரெட் அண்ட் பிளாக் பிளாக் என்ற ரசிகர் குழுவின் சுருக்கப் பெயர் அது. மகன் அங்கேதான் கேட்பான். முதல்முறை வேண்டாம். அங்கே ஆட்டம் முழுக்க நின்றே பார்க்க வேண்டும், முன்னால் கொடி ஆடும். பன்னிரண்டு வயது உயரத்துக்கு முன்வரிசை முதுகுதான் தெரியும். ‘கபோ’ என்று ஒருவர் மெகாஃபோனோடு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பாடவைப்பார். பாடாமல் நிற்பவரை அங்கே விரும்புவதில்லை. நீலம் போட்டு உள்ளே போனால் பாதுகாவலர்களே வெளியே கூட்டிவந்துவிடுவார்கள், அது உங்கள் நன்மைக்கு. வரைபடத்தில் ஆக்டிவ் (பாடும் கூட்டம்) என்றும் அவே (எதிரணி ரசிகர்கள்) என்றும் குறித்த பகுதிகளை விட்டு, மேற்கு ஸ்டாண்டில் வடக்கு ஓரமாக இரண்டு இருக்கை எடுங்கள். பாட்டு முழுதும் கேட்கும், ஆட்டமும் தெரியும். மாலை ஐந்து மணி ஆட்டமானால் கிழக்கு ஸ்டாண்டில் முதல் பாதி முழுக்க வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

நீங்கள் இரண்டு அணிகளின் நிறமும் இல்லாத சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சிட்னி கோல் போட்டால் எழுந்து குதிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். வடக்கிலிருந்து “யாருக்காகப் பாடுகிறோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள், மற்ற ஸ்டாண்டுகள் “வாண்டரர்ஸுக்காக” என்று திருப்பிச் சொல்லும். மகன் தொண்டை கிழியட்டும், நீங்கள் தண்ணீர் குடியுங்கள். எண்பதாவது நிமிடம் ஆர்பிபி முழுக்கத் திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் கோத்துக் குதிக்கும். 1880இல் வாண்டரர்ஸ் என்ற பெயரில் ஓர் அணி பரமட்டாவில் ஆடியதன் நினைவு அது. அந்த நிமிடத்தில் கோல் விழுந்தால் குதிக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஃபிளேர் என்ற புகைத் தீப்பந்தம் கொளுத்துகிற இடத்தில் நிற்கவே வேண்டாம். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிவது, தண்ணீர் ஊற்றினால் அணையாது, கீழே போட்டால் அடுத்தவர் காலில் உருளும். கேமரா எல்லா வரிசையையும் பார்க்கிறது, மைதானத்துக்கு வரத் தடை ஆண்டுக்கணக்கில் வரும். “ஒரு நிமிஷம் பிடி” என்று யாராவது தரும் பையை வாங்கக் கூடாது என்பதை மகனுக்கு ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். 2015இல் தடை செய்யப்பட்ட 198 பேரின் பெயர்ப்பட்டியலை ஒரு ஞாயிறு நாளிதழ் வெளியிட்டது. தடையை எதிர்த்து முறையாக மேல்முறையீடு செய்ய அதுவரை வழியே இல்லை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ரசிகர்கள் ஆட்டத்தைப் புறக்கணித்த பிறகே அந்த வழி வந்தது.

கோபம் எங்கே எல்லை தாண்டுகிறது என்பதற்கு 2022 டிசம்பர் 17 மெல்பர்ன் டெர்பி. மூன்று ஆண்டு இறுதி ஆட்டங்களைச் சிட்னிக்கு விற்ற லீக்கின் மேல் இரு தரப்புக்கும் கோபம். இருபதாவது நிமிடம் எழுந்து வெளியேறுவதாகத்தான் திட்டம். ஆனால் விக்டரி பக்கத்திலிருந்து கூட்டம் களத்தில் இறங்கியது. சிட்டி கோல்கீப்பர் டாம் குளோவர் முகத்தில் உலோக வாளி பட்டது, ஆட்டம் நின்றது. விக்டரிக்கு ஐந்தரை லட்சம் டாலர் அபராதம். மறு அக்டோபரில் லீக் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. வாளி இல்லாமலே அது நடந்திருக்கும் என்பது என் எண்ணம், இருபதாவது நிமிடம் காலியாகும் ஸ்டாண்டைத் தொலைக்காட்சி காட்டாமல் இருக்க முடியாது. உங்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: யாராவது தடுப்பைத் தாண்டினால் படிக்கட்டுப் பக்கம் போகாமல் இருக்கையிலேயே இருங்கள். முடிந்ததும் பதினைந்து நிமிடம் பொறுத்து எழுந்தால் ரயிலில் நிற்கவாவது இடம் கிடைக்கும்.

சட்டையின் பின்னால் ஆட்டக்காரர் பெயர் போடச் சொல்வான். போடாதீர்கள். இங்கே ஒப்பந்தங்கள் குறுகியவை. ஏழு ஆண்டு சிட்னி எஃப்சியின் உயிராக இருந்த மிலோஷ் நின்கோவிச் 2022இல் நேராக வாண்டரர்ஸுக்குப் போனார். அவர் பெயரை நீலச் சட்டையில் போட்டுவைத்தவர்கள் உங்கள் பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள், அலமாரியில் மடித்து வைத்திருப்பார்கள். மகன் பெயரையே போடச் சொல்லுங்கள், ஓர் அளவு பெரிதாக.