கிழச்சிங்கத்துக்கு இன்னொரு வருஷமா?

மார்ச் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் பல வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும்: என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்தில் வயதான டிஃபென்சிவ் லைன்மேனை (தடுப்பு முன்வரிசை வீரரை) மறுபடி ஒப்பந்தம் செய்யலாமா, வேண்டாமா? இந்தத் தடவையும் பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகர்கள்தான் அதிகம். எட்ஜ் என்றால் வரிசையின் ஓரத்தில் நிற்பவர், நோஸ் டேக்கிள் என்றால் நடுவில் நிற்பவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் ஆளுக்கு 34 வயது. போன சீசன் நன்றாகத்தான் ஆடினார். எடுக்கலாமா?

யார் ஐயா உங்கள் ஆள்? எந்த அணி? நடுவில் ஆடுகிறாரா, ஓரத்தில் ஆடுகிறாரா? ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஸ்நாப், அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் எத்தனை தடவை களத்தில் நிற்கிறார்? எவ்வளவு கேட்கிறார்? 'நன்றாக ஆடினார்' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆட்டத்துக்கு 25 ஸ்நாப் ஆடும் 34 வயதுக்காரர் வேறு, 55 ஸ்நாப் ஆடுகிறவர் வேறு. முதல் ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இரண்டாவது ஆளிடம் பணம் பேசுவதற்கு முன், அந்த 55-ஐ 30 ஆக்கச் சம்மதிப்பாரா என்று பேசவேண்டும். ஸ்நாப் எண்ணிக்கை இல்லாமல் கடிதம் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

ஈகிள்ஸ் எட்ஜ் வீரர் பிராண்டன் கிரஹாம் 2022-இல் 11 சாக் (பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை வீசும் முன்பே வீழ்த்துவது). 2023-இல் 3. ஒரே வருஷத்தில் வயது இப்படியா அடித்துப் போடும்?

வயதும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. 2021 சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்கு அகிலஸ் தசைநார் அறுந்தது. அடுத்த ஆண்டு 34 வயதில் திரும்பி வந்தவரை அணி பாதிக்கும் குறைவான ஸ்நாப்புகளில்தான் இறக்கியது. அந்த 2022 அணியில் ரெடிக் 16, ஹார்கிரேவ் 11, ஸ்வெட் 11, கிரஹாம் 11. ஒரே அணியில் நான்கு பேர் இரட்டை இலக்கம் தொட்டது என்எஃப்எல் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மொத்தம் 70 சாக். ஒருவரிடமிருந்து தப்பி ஓடும் குவார்ட்டர்பேக் இன்னொருவர் மடியில் போய் விழுந்த சீசன் அது. ஹார்கிரேவ் சான் ஃபிரான்சிஸ்கோ போனதும் எல்லோர் கணக்கும் இறங்கியது.

இன்னொன்றையும் பாருங்கள். 11 சாக் எடுத்தவருக்கு 2023-க்கு ஈகிள்ஸ் கொடுத்தது ஒரு வருஷம், சுமார் 60 லட்சம் டாலர். அந்த 11-இல் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பக்கத்தில் நின்றவர்களுடையது என்று அணிக்குத் தெரிந்திருந்தது. ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை.

சாக் எண்ணிக்கையை வைத்து முடிவு எடுக்காதீர்கள். இதையும் ஒவ்வொரு மார்ச்சிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு வருஷ ஒப்பந்தம்தானே? சரியாக வராவிட்டால் அடுத்த வருஷம் விட்டுவிடலாம். இதில் என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வியை எழுதியவர்கள் நாலைந்து பேர். தொலைக்காட்சியில் பேசும் முன்னாள் வீரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 'ஒரு வருஷம், ரிஸ்க் இல்லை' என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கோடி டாலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் என்று செய்தி வருகிறது. உள்ளே என்ன இருக்கும்? மூத்த வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளம், 2025 கணக்கில் சுமார் 12.5 லட்சம். மீதி 87.5 லட்சம் கையெழுத்து போனஸ். போனஸைக் கேப் (ஓர் அணி வருஷத்துக்குச் சம்பளமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) கணக்கில் ஐந்து வருஷம் வரை பரப்பிக்கொள்ளலாம் என்பது லீக் விதி. ஆகவே அந்த ஒரு வருஷத்துக்குப் பின்னால் நான்கு பொய் வருஷங்களை ஒட்டுவார்கள். அவைதான் வாய்ட் இயர்கள். அந்த வருஷங்களில் வீரர் ஆடப்போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். 87.5-ஐ ஐந்தால் வகுத்தால் 17.5. சம்பளத்தையும் சேர்த்தால் முதல் வருஷக் கேப்பில் விழுவது 30 லட்சம்தான். 2025-இன் 28 கோடி கேப்பில் 30 லட்சம் யார் கண்ணில் படும்? 'அடடா, என்ன மலிவு' என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் வாய்ட் ஆகும், அதாவது தானாக ரத்தாகும் தேதி வருகிறது. மிச்சமிருக்கும் 70 லட்சம் மொத்தமாக அந்த வருஷக் கணக்கில் இறங்குகிறது. ஆள் கிளம்பி வீட்டுக்குப் போயிருப்பார். மளிகைக் கடையில் 'அடுத்த மாசக் கணக்குல எழுதிக்கோங்க' என்று வாங்கித் தின்ற அரிசிக்கு இப்போது பணம் கட்ட வேண்டும். அந்த 70 லட்சத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஐந்து மூத்த வீரர்களை நிறுத்தலாம்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. வாய்ட் தேதிக்கு முன்பே அதே ஆளுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டால் அந்த 70 மொத்தமாக விழாது, பழையபடி வருஷத்துக்கு 17.5 ஆகவே போகும். இப்போது பொது மேலாளர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? ஆட்டக்காரருடைய கால்களையா, கணக்குப் புத்தகத்தையா? போன வருஷக் கடனைத் தள்ளிப்போடவே ஒரு 35 வயதுக்காரர் 36-ஆவது வயதிலும் களத்தில் நிற்கிறார். ஓர் அவசர முடிவு அடுத்த வருஷம் இன்னோர் அவசர முடிவைக் குட்டி போடும். நான் இதை எதிர்ப்பது சிக்கனம் பார்த்து அல்ல. ஆட்டக்காரரைப் பற்றிய கேள்வியைக் கணக்காளர் தீர்க்கிறாரே என்றுதான்.

வாய்ட் இயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுவில் ஆடிய மூத்த வீரர் ஃபிளெட்சர் காக்ஸ் விஷயத்தில் ஈகிள்ஸ் செய்ததைப் பாருங்கள். 2022 மார்ச்சில் அவருக்கு 1.8 கோடி உறுதியாகும் நாள் நெருங்கியது. அதற்கு முன்பே அவரை விடுவித்தார்கள், சில நாட்களிலேயே 1.4 கோடிக்குத் திரும்ப எடுத்தார்கள். பழைய ஆளை அடிமட்ட விலைக்கு விரட்டவும் இல்லை, பழைய விலையைக் கொடுக்கவும் இல்லை. அடுத்த மாதமே டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 13-ஆவது இடத்தில் ஜார்டன் டேவிஸ். மறு ஆண்டு காக்ஸுக்கு இன்னொரு வருஷம், சுமார் ஒரு கோடி. கூடவே 9-ஆவது இடத்தில் ஜேலன் கார்ட்டர். காக்ஸ் 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வாரிசு வாசலில் நிற்கவில்லை, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் போன முதல் சீசனிலேயே சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வெற்றி. எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள், அதுவும் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (துரத்தக் கூடுதல் ஆள்) அனுப்பாமல். நான்கு பேரை மட்டுமே வைத்து!

காக்ஸ் பெயர் அதற்குப் பிறகும் கேப் கணக்கில் டெட் மணியாக (அணியில் இல்லாதவருக்காக ஏறும் தொகையாக) இருந்தது. ஆனால் அதற்கு அணி ஏதோ வாங்கியது: இரண்டு பையன்கள் வளர இரண்டு வருஷ அவகாசம். உங்கள் அணியில் அந்தப் பையன்கள் யார் என்று சொல்ல முடிந்தால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது வெறும் கடன்.

சீசன் நடுவில் வயதானவர்களை அள்ளிப்போடுவது வேலைக்கு ஆகுமா?

ஆகும், சிறிய வேலை கொடுத்தால். 2022-இல் டேவிஸ் கணுக்கால் காயத்தில் வெளியே போனதும் ஈகிள்ஸின் நடு வரிசை ஓட்டை விழுந்துவிட்டது. வாஷிங்டன் 49 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடியது. ஒவ்வொரு தடவையும் மூன்று கஜம், நான்கு கஜம்தான். ஆனால் பந்து 40 நிமிஷம் அவர்களிடமே இருந்தது. அந்த சீசனின் முதல் தோல்வி. அதே வாரத்தில் 34 வயது லின்வல் ஜோசஃப், 35 வயது சூ, இருவரையும் அடுத்தடுத்த நாட்களில் எடுத்தார்கள். இரண்டு பேர் முட்டினாலும் நகராமல் நில்லுங்கள், அவ்வளவுதான் வேலை. நவம்பர் வரை வீட்டில் இருந்த உடம்பு என்பதால் தேய்மானமும் குறைவு.

இவர்கள் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். அந்த 2022 சீசனின் சூப்பர் பவுலில் 70 சாக் அணிக்கு மஹோம்ஸ் மேல் ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

கேமரன் ஹேவர்ட் 35 வயதில் ஆல்-ப்ரோ (சீசனின் மிகச் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணி. பிறகு வயதைப் பற்றி ஏன் பயப்படுகிறீர்கள்?

ஹேவர்டைக் காட்டி எல்லோருக்கும் பணம் கேட்பது வழக்கமாகிவிட்டது. 2023-இல் அவர் இடுப்புப் பகுதிக் காயத்தால் ஆறு ஆட்டங்கள் உட்கார்ந்தார், இரண்டே சாக். முடிந்துவிட்டார் என்று எழுதினார்கள். அவருடைய அணி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2024 செப்டம்பரில் மூன்று வருஷத்துக்குச் சுமார் 4.5 கோடி கொடுத்தது. அந்த சீசனில் 8 சாக், தவிர 11 பந்துகளைக் கையால் தட்டினார். அணி காயத்தையும் வயதையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் சரியான முடிவு எடுக்க முடிந்தது. தசைக் காயம் ஆறும். குறைந்த வேகம் திரும்பாது. உங்கள் ஆளுக்கு நடந்தது எது என்று தெரியாமல் ஹேவர்ட் பெயரை எடுக்காதீர்கள்.

காணொளியில் எதைப் பார்த்து 'இவர் முடிந்துவிட்டார்' என்று கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. முதலில் சாக் தொகுப்புக் காணொளிகளை மூடுங்கள். அதில் எல்லோரும் சிங்கம்தான். முழு ஆட்டத்தைப் போட்டு நான்காவது கால்பகுதிக்குப் போங்கள், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து அசைந்ததும் பக்கத்து ஆளோடு சேர்ந்து கிளம்புகிறாரா, அரை நொடி பிந்துகிறாரா? டபுள் டீம் (இரண்டு பேர் சேர்ந்து முட்டுவது) வரும்போது ஒரு முழங்காலைத் தரையை நோக்கி இறக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறாரா, முதுகு நிமிர்ந்து பின்னால் போகிறாரா? நிமிர்ந்தால் கதை முடிந்தது. வயதில் முதலில் போவது கிளம்பும் வேகம், ஓரத்தில் வளைந்து திரும்பும் இடுப்பு. கை வித்தை கடைசி வரை இருக்கும். அதனால்தான் எட்ஜில் ஆடியவர்களை முப்பதுக்கு மேல் மூன்றாவது டவுனில் (எதிரணியின் மூன்றாவது முயற்சியில்) நடுவுக்கு நகர்த்துகிறார்கள். அங்கே ஓட வேண்டிய தூரம் குறைவு, கைக்கு வேலை அதிகம்.

கடைசியாக ஒன்று: எதிரணி பந்தை விடாமல் முன்னேறும் நீண்ட டிரைவில் ஆறாவது, ஏழாவது ஸ்நாப்புக்குப் பிறகு கை இடுப்புக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் தப்பில்லை. அந்த ஸ்நாப்பில் அவரைக் களத்தில் வைத்திருந்த பயிற்சியாளர் மேல்தான் தப்பு.

தலைமைப் பண்பு, ஓய்வறையில் அவர் இருப்பு… இதற்கு விலை இல்லையா?

உண்டு, குறைந்தபட்சச் சம்பளம். ஒரு வருஷத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வரும் மூத்த வீரருக்கு லீக்கே சலுகை தருகிறது: 2025 கணக்கில் 12.5 லட்சம் வாங்கினாலும் கேப்பில் சுமார் 10 லட்சம்தான் ஏறும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் ஸ்நாப்புக்கு. பையன்களுக்குச் சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும் என்றால் பயிற்சியாளர் வேலை கொடுங்கள், அது கேப்பில் வராது.

36 வயதுக்காரர் வேறு அணிக்குப் போனால் அவரை இழந்ததற்கு ஈடாக எங்களுக்கு லீக்கின் ஈட்டு டிராஃப்ட் தேர்வு கிடைக்குமா?

நீங்களே வெட்டிவிட்டவருக்குக் கிடைக்காது. ஒப்பந்தம் முடிந்து போனவருக்குக் கிடைக்கலாம்; ஆனால் பத்து சீசன் தாண்டியவர் என்றால் உச்சவரம்பு ஐந்தாவது சுற்று. டிராஃப்ட் முடிந்து சில நாட்களில் வரும் கெடுவுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டால் அதுவும் இல்லை. பல மூத்தவர்கள் மே மாதம் வரை வேலையில்லாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

காலைஸ் கேம்ப்பெல் மாதிரி ஊர் ஊராகப் போகிற மூத்த லைன்மேன்களைப் பழைய அணி கைவிட்டது தப்பா?

இல்லை. அட்லாண்டாவில் 2023-இல் 70 லட்சத்துக்கு 6.5 சாக், மயாமியில் 2024-இல் 20 லட்சத்துக்கு 5 சாக். அந்த விலைக்கு எந்த அணியும் எடுக்கலாம். பழைய அணி பழைய விலையில் வைத்திருந்தால்தான் தப்பு.

பஃபலோ 2000-இல் புரூஸ் ஸ்மித்தை விட்டது?

36 வயதில் விட்டார்கள். வாஷிங்டனில் நான்கு சீசன், 29 சாக்; இரண்டு அணிகளிலும் சேர்த்து வாழ்நாள் மொத்தம் 200. இன்றும் அதுதான் சாதனை. ஆனால் அந்த 29-இல் 10 முதல் வருஷத்திலேயே வந்துவிட்டது. பஃபலோவுக்கு ஒரு வருஷம் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு அறிவித்தவரைத் திரும்பக் கூப்பிடலாமா?

ஈகிள்ஸ் கூப்பிட்டதே! கிரஹாம் 2025 மார்ச்சில் விடைபெற்றார். சாடேரியஸ் ஸ்மித் சீசன் நடுவில் திடீரென்று ஓய்வு பெற்றதும் எட்ஜில் ஆள் இல்லை. அக்டோபரில் 37 வயதுக்காரருக்கு அழைப்பு. ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் போன் செய்யும்போதே எத்தனை ஸ்நாப் என்று சொல்லிவிட வேண்டும். அணியின் திட்டமே அந்தப் போன்தான் என்றால், ஏப்ரலில் டிராஃப்ட் நாளன்று அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் கேட்பேன்.